எர்ணாவூர்த் தோட்டத்தின் வெள்ளை முடிச்சுகள்

நான் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. வீட்டில் இதைக் குறையாகத்தான் சொல்வார்கள். காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன், அப்புறமும் பக்கத்துக் கூடைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்பேன். என் கணவர் எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி தள்ளிப் போய் நின்றுகொள்வார். திருவொற்றியூரில் நுண்ணுயிர் உரம் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில், ஓய்வு பெறும்வரை தரக்கட்டுப்பாட்டு லேபைப் பார்த்துக்கொண்டேன். அந்த வேலைக்கு இந்தக் குணம் பொருந்தியது.

இப்போது அதே மாதிரி லேப்களில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். தட்டில் கிருமியை எப்படி வளர்ப்பது, எப்படி எண்ணுவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. சந்தேகப்படுவதற்குத்தான் நமக்குச் சம்பளம். ஆனால் சந்தேகத்தை எங்கே நிறுத்துவது, யாரிடமிருந்து விலக்கி எதன் மேல் திருப்புவது என்பது எந்தப் படிப்பிலும் வராது. எனக்கு அது ஒரு காராமணிச் செடியில் வந்தது.

ஒருநாள் காலை, ஈரச் சாக்கில் சுருட்டிய செடிகளோடு ஒரு பெண் லேபுக்குள் நேராக வந்துவிட்டார். வாசலில் இருந்த வாட்ச்மேன் பின்னாலேயே ஓடிவந்தார். அந்தப் பெண் சாக்கை என் மேசையில் உதறினார். மண்ணும் வேருமாக மைக்ராஸ்கோப் பக்கத்தில் கொட்டியது.

"இன்னா மேடம் இது? உரம்னு பேர் போட்டு மாவு விக்கிறீங்களா? ஒரு முடிச்சு காட்டு பாப்போம்."

அவர் பெயர் தேசம்மா. காசிமேட்டில் வெகுகாலம் மீன் விற்றவர். முழங்கால் வலியால் அதை விட்டுவிட்டு, எர்ணாவூரில் தங்கள் குடியிருப்பை ஒட்டிச் சும்மா கிடந்த நிலத்தில், மகளிர் குழுவைச் சேர்த்துக்கொண்டு காய்கறி போட்டுக்கொண்டிருந்தார். காராமணி விதையில் நம் ரைசோபியம் பொடியைக் கஞ்சியில் கலந்து தடவி விதைத்திருக்கிறார்கள். அந்தக் கிருமி வேருக்குள் போய் உட்கார்ந்து, காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும். அது குடியிருக்கும் வீடுதான் வேர்முடிச்சு. தேசம்மா கொண்டுவந்த வேர்களில் ஒரு முடிச்சுகூட இல்லை. வழவழவென்று சுத்தமாக இருந்தன.

எங்கள் முதலாளி தெற்கத்திக்காரர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வந்த முதல் சந்தேகம் போட்டிக் கம்பெனி மேல். "மேடம், இது எவனோ ஏவி விட்ட ஆளு. நல்லா விசாரிச்சுக்கிடுங்க" என்றார்.

எனக்கு வந்த முதல் சந்தேகம் கடைக்காரர் மேல். பாக்கெட் போனது வண்ணாரப்பேட்டையில் ஹனீபா பாய் வைத்திருந்த விதைக்கடை வழியாக. மொட்டை மாடித் தகரக் கூரைக்கடியில் பெட்டியை அடுக்கிவைத்தால் உள்ளே இருக்கும் கிருமி வெந்து செத்துவிடும். சொல்லாமல் கொள்ளாமல் அவர் கடைக்குப் போய், "பாய், சரக்கை எங்க வெச்சிருக்கீங்க, பாக்கணும்" என்றேன்.

அவர் என்னை உள்ளே கூட்டிப்போனார். இருட்டான, குளுகுளுவென்றிருந்த அறை. தரைக்குமேல் பலகை போட்டு அடுக்கியிருந்தார். "என்னம்மா, உங்க சரக்குக்குத் தந்திருக்கிற எடத்துல நானே படுத்துத் தூங்கலாம். இத்தனை வருஷத்துல நீங்க வந்து இப்படிப் பாத்ததில்லையே" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். அங்கிருந்தே ஒரு பாக்கெட் எடுத்து வந்து பார்த்தேன். கிருமி உயிரோடு, ஏராளமாக இருந்தது.

அப்புறம் எர்ணாவூருக்குப் போனேன். ஒரு பக்கம் குடியிருப்பு, இன்னொரு பக்கம் நீளமான மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்திலிருந்து வரும் உர மூட்டைகளை அடுக்கும் குடோன். நடுவில் தோட்டம். செடிகளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது போல இருந்தது. கரும்பச்சை. இடுப்புயரம் புதர் மாதிரி தழைத்திருந்தது. காய் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். மண்ணெடுத்து வந்து பார்த்தோம். தழைச்சத்து வழிந்தது.

இந்த இடத்தில் செடியின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முடிச்சைக் கட்டுவது கிருமி என்று பலர் நினைக்கிறார்கள். கிருமி வாசலில் நின்று கூப்பிடும், அவ்வளவுதான். கதவைத் திறப்பது செடி. கூப்பிட்ட குரல் தனக்குத் தெரிந்த குரல்தான் என்று வேர் உறுதி செய்துகொண்டால், உள்ளே சைட்டோகைனின் என்ற ஹார்மோன் ஊறும். அது சொன்னால்தான் வேரின் உட்பக்கச் செல்கள் பிரிந்து பெருகி முடிச்சாக எழும்பும். முடிச்சு கட்டுவதும் கிருமிக்குச் சோறு போடுவதும் செடிக்குப் பெரிய செலவு. அதனால் மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி அந்த வேலையை நிறுத்திவிடும். போதும், இனி கட்டாதே என்று இலையிலிருந்து வேருக்குச் சேதி போகும். வேரே கதவடைக்க எத்திலீன் என்று இன்னொரு ஹார்மோனும் உண்டு. செடியும் என்னைப் போலத்தான், கூப்பிட்டவர்களுக்கெல்லாம் கதவைத் திறக்காது.

ஆகவே, நான் தேசம்மாவிடம் கேட்டேன். "யூரியா போட்டீங்களா?"

"இல்ல."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. பக்கத்துலயே குடோன். மூட்டை கிழிஞ்சு கொட்டினது, யாராச்சும் அள்ளி வந்து போட்டது..."

"த பாரு மேடம். என்னைத் திருடின்றியா? இங்க கீற பொம்பளைங்க எல்லாம் திருடின்றியா?" குழுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். "மாட்டுச் சாணிகூடப் போடல. உன் பாக்கெட்டை நம்பினோம். அதான் தப்பு."

நான் திரும்பினேன். அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். முதலாளிக்குப் பரம திருப்தி. "அவங்க யூரியா போட்டிருக்காங்க, நம்ம மேல தப்பில்ல. விட்டுருங்க" என்றார். எல்லாருக்கும் வசதியான முடிவு. விட்டிருப்பேன். ஆனால் திருட்டு யூரியா போட்டவர் எதற்குச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறி லேபுக்கு வந்து சண்டை போட வேண்டும்? அதற்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அடுத்த விதைப்பு வளர்ந்த சமயத்தில் தேசம்மா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை முகம் நிறையச் சிரிப்பு. கூடவே கழுத்தில் டை கட்டிய ஒரு விற்பனைப் பிரதிநிதி. சாக்கைப் பிரித்தார்கள். வேர் முழுக்க உருண்டை உருண்டையாக முடிச்சு.

"உன் பாக்கெட்டே போடல. இந்தத் தம்பி குட்த்த டானிக்க ஊத்தினேன். எப்டி கீது?"

அது ஒரு வேர் டானிக். பாட்டிலில் கடற்பாசிச் சாறு என்று எழுதியிருந்தது. முதலாளி ஓடிவந்து வேரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பிரதிநிதியைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் காப்பி வரவழைத்தார். வெளியே வந்தபோது, நம் பாக்கெட்டோடு இந்த டானிக்கையும் சேர்த்து விற்கலாம் என்ற திட்டமே தயாராகிவிட்டது. "மேடம், நீங்க சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார்.

நான் வேரைக் கையில் எடுத்தேன். முதலில் வந்த சந்தேகம் நூற்புழு. அது வேரையே வீங்க வைக்கும், தேய்த்தால் உதிராது. இது தேய்த்ததும் உதிர்ந்தது. ஆக, புழுவில்லை. உதிர்ந்ததை பிளேடால் குறுக்கே வெட்டினேன். வேலை செய்யும் முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளின் உறவுக்காரப் பொருள் ஒன்று அதற்குள் இருக்கிறது. அது இருந்தால்தான் கிருமி தழைச்சத்தைப் பிடிக்க முடியும்.

இது உள்ளே வெள்ளை. இன்னொன்றை வெட்டினேன், அதுவும் வெள்ளை. வெட்டியதெல்லாம் வெள்ளை. நசுக்கித் தட்டில் தடவி வளர்த்துப் பார்த்தபோது, ரைசோபியம் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. வீடு கட்டியிருக்கிறது, குடித்தனம் இல்லை. யாரும் கூப்பிடாமலே கதவு திறந்ததென்றால், வெளியிலிருந்து யாரோ சாவி போட்டிருக்கிறார்கள். சைட்டோகைனின் மாதிரியான ஹார்மோனை வேரில் ஊற்றினால் செடி ஏமாந்து காலி முடிச்சு கட்டும். பாட்டிலில் கடற்பாசியைத் தவிர வேறு என்ன கலந்திருக்கிறது என்று அந்தப் பிரதிநிதியைக் கேட்டேன். "கம்பெனி ரகசியம் மேடம்" என்று சிரித்தார்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "அந்தம்மாவே சந்தோஷமாப் போயிட்டாங்க. கண்ணுக்கு முன்னால முடிச்சு இருக்கு. உங்களுக்கு என்ன மேடம் பிரச்சினை?"

"சார், அந்த முடிச்சு ஒரு வேலையும் செய்யாது. அதைவிட, போன தடவை செடி ஏன் முடிச்சு கட்டலன்னு இன்னும் நமக்குத் தெரியல."

"அதான் யூரியான்னு சொன்னீங்களே?"

"நான் சொன்னேன். அவங்க இல்லன்னு சொன்னாங்க. இப்ப எனக்கு என் மேலயே சந்தேகமா இருக்கு."

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். வாடிக்கையாளருக்குத் திருப்தி, முதலாளிக்குத் திருப்தி, கண்ணுக்குத் தெரிகிற குறையும் மறைந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அடையாளத்தை மறைத்துவிட்டால் காரணம் போய்விடாது.

மறுபடி எர்ணாவூர் போனேன். இந்தத் தடவை மண்ணைத் தொடவில்லை. குழுப் பெண் ஒருத்தி தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த அடிபம்பிலிருந்து வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். தழைச்சத்து தண்ணீரில் கரைந்திருக்கும் வடிவம்தான் நைட்ரேட்; அதற்கான சோதனைப் பட்டையைப் பையில் எப்போதும் வைத்திருப்பேன். அதிலிருக்கும் அட்டை தண்ணீரில் நனைந்ததும், தழைச்சத்து எவ்வளவோ அவ்வளவுக்கு நிறம் மாறும். பம்பை அடித்து ஒன்றை நனைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. இன்னொன்றை நனைத்தேன். அதே நிறம்.

தேசம்மா ஒரு பொட்டலம்கூட யூரியா போடவில்லை. பாய்ச்சிய தண்ணீரே உரமாக இருந்திருக்கிறது.

நான் பட்டையோடு நின்றுகொண்டிருக்கும்போதே ஓர் இளம்பெண் வந்து பம்பில் பாத்திரத்தை வைத்தாள். தேசம்மாவின் மருமகள் ரேவதி. குழுப் பெண்களோடு நின்று பார்த்திருக்கிறேன், என் முன்னால் அவள் அதுவரை வாயே திறந்ததில்லை.

"இது எதுக்கும்மா?"

"பாப்பாக்கு."

"குழந்தைக்கா? குடிக்கிறதுக்கு இந்தத் தண்ணியா?"

பின்னாலிருந்து தேசம்மா பதில் சொன்னார். "நாங்க கேன் தண்ணிதான் குடிக்கிறோம். கொயந்தைக்கு அத்த எப்டிக் குடுக்கிறது? கேன் தண்ணி எங்க புடிக்கிறான், இன்னா கலக்குறான், யாருக்குத் தெரியும்? இது நம்ம பம்பு. நல்லா கொதிக்க வெச்சுதான் பால் பவுடர் கலக்குறோம். இவளுக்குப் பால் சுரக்கல, இன்னா பண்றது?"

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டிப்படும். பெரியவர்கள் ஓரளவு தாங்குவார்கள். பிறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தையின் உடம்பில் அது ரத்தத்தைக் கெடுத்து, மூச்சுக்காற்றைச் சுமக்க விடாமல் செய்துவிடும்.

"பாப்பாவைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றேன்.

குழந்தை பாயில் படுத்திருந்தது. அழவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. உதட்டிலும் நகத்திலும் ஒரு சாம்பல் நீலம். "அவ அப்பன் கலரு" என்றார் தேசம்மா. இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. கையில் இருப்பது ஒரு காகிதப் பட்டை. ஏற்கெனவே இவர்களைப் பொய்யர்கள் என்று நினைத்துவிட்டுப் போன ஆள் நான். இப்போதும் தப்பாகச் சொன்னால் ஒரு வீட்டையே கலவரப்படுத்தியதாகும். லேபுக்கு எடுத்துப்போய் முறையாகச் சோதித்துவிட்டுப் பேசலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முடிவு வரும்வரை அந்தக் குழந்தை இதே பாலைக் குடிக்கும். நம் தொழிலில் உறுதிக்காகக் காத்திருக்கலாம், பழுதில்லை. இங்கே காத்திருக்க வேண்டியது அந்தக் குழந்தை.

சொல்லிவிட்டேன். தண்ணீரைப் பற்றியும் உதட்டு நிறத்தைப் பற்றியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும்.

தேசம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓஹோ. அன்னிக்கு யூரியான்ன. இன்னிக்குத் தண்ணின்ற. உன் பாக்கெட்ட காப்பாத்திக்க எங்க பச்சக் கொயந்தைய இயுக்கிறியா? யாரு சொல்லி வந்த நீ?"

அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

"அத்தை, கம்முனு இரு."

ரேவதிதான். குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். "நாலு நாளா நானும் சொல்லிகினு கீறேன். பால் குடிச்சா தூங்கிடுது, எய்ப்பினாலும் எய்ந்துக்க மாட்டேங்குது, கலரு ஒரு மாதிரி கீதுன்னு. ஒருத்தரும் கேக்கல. மேடம், ஆட்டோ புடி."

அரசு ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். நான் பட்டையை நீட்டி, பம்பு தண்ணீர், பால் பவுடர் என்று மளமளவென்று சொன்னேன். குழந்தையின் ரத்தத்தைச் சொட்டெடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். சிவக்கவில்லை. காப்பித் தூள் நிறத்தில் அப்படியே நின்றது. அவர் முகம் மாறியதை ரேவதியும் பார்த்துவிட்டாள். குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேசம்மா நடையில் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நரம்பில் ஒரு நீல மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டது. தேசம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் குடியிருப்பே கொதித்துப் போயிருந்தது. மறுநாள் நான் போகும்போது குடோன் கேட்டுக்கு முன்னால் கூட்டம். உர மூட்டை, மழை, மதில், பம்பு. கணக்கு எல்லாருக்கும் சரியாக இருந்தது, எனக்கும்தான். ஒருவர் என்னைக் கூட்டத்துக்கு நடுவில் இழுத்து நிறுத்தி, "மேடம், குடோன்லருந்துதான் எறங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார். சிலர் கையில் கல் இருந்தது.

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் யூரியா என்று முந்தி ஒருமுறை நான் உறுதியாக நினைத்ததும் இதே மண்ணில்தான்.

"எனக்குத் தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

கூட்டம் என்னை ஏசியது. குடோன்காரனிடம் காசு வாங்கிவிட்டேன் என்றுகூட ஒருவர் கத்தினார். கூட்டத்தின் ஓரம் உட்கார்ந்திருந்த தேசம்மா எழுந்து குறுக்கே வந்தார். அந்தக் குரலைக் காசிமேடு ஏலத்தில் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். "பாத்துட்டு சொல்றேன்றாங்கல்ல? பாக்க வுடு! கல்ல கீய போடு!"

மதிலோரம் இருந்த பம்பு, தோட்டத்து நடுவில் தோண்டிய குழி, குடியிருப்புக்குப் பின்பக்கப் பம்பு, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து லேபில் பார்த்தோம். குடோன் பக்கம் குறைவு. குடியிருப்பை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் குழந்தைக்குத் தண்ணீர் பிடித்த அந்தப் பம்புக்குப் பக்கத்தில் தோண்டியபோது, குடியிருப்பின் கழிவுத்தொட்டிச் சுவர் பிளந்து ஊறிக்கொண்டிருந்தது. எத்தனை காலமாகவோ. மலமும் சிறுநீரும் மண்ணில் ஊறினால் நைட்ரேட்டாகத்தான் மாறும். யாரும் எட்டிப் பார்க்க நினைக்காத இடம், ஏனென்றால் அது அவர்களுடையது.

குடோனைப் பற்றி எனக்கு இன்றும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்கு அது காரணமில்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

பம்பை மூடினார்கள். தொட்டியை இடித்துக் கட்டினார்கள். ஹனீபா பாய் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கொழந்தை நல்லாருக்குல்ல, அது போதும்மா" என்றார். அந்த டானிக்கை எங்கள் கம்பெனி எடுக்கவில்லை. முதலாளி என்னோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே திரவம் வேறு பெயரில், வேறு பாட்டிலில் எங்கோ விற்றுக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் மேசைக்கும் ஒருநாள் வரும். பிளேடை எடுத்து வெட்டிப் பாருங்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். குடியிருப்பு வாசலில் தண்ணீர் லாரி நின்றிருந்தது, குடங்களோடு நீண்ட வரிசை. எல்லாருக்கும் முன்னால் ரேவதி. இடுப்பில் குழந்தை, கொழுகொழுவென்று, அம்மாவின் தாலிச்சரட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, எங்கேர்ந்து எட்த்தாந்த?"

லாரிக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு எரிச்சலோடு நின்றார். "தெனமும் இதே கேள்வியா? புடிம்மா, நாலு தெருவுக்கு ஊத்தணும்."

"டேங்க் எப்போ கய்வின?"

வரிசையில் பின்னாலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. யாரோ குடத்தால் தரையைத் தட்டினார்கள். தேசம்மா வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மருமகளை அடக்கவில்லை.

ரேவதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துக்கொண்டாள். லாரிக்காரர் பதில் சொல்லும்வரை அவள் குடத்தை நீட்டவில்லை.